மூன்று மணி நேரம், ஒரு புரொஜெக்டர், ஐந்து குடிகாரர்கள்

அக்கா மகன் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன். மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் லெக்சர் ஹாலில் ஒரு படம் போட்டு, முடிந்ததும் அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசுவார்கள். இந்த மாதப் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. "டாக்டரும் போதையும்" என்று தலைப்பை வைத்துவிட்டான். படத்தைத்தான் வைக்கவில்லை.

"மாமா, அர்ஜுன் ரெட்டி, கபீர் சிங், ஆதித்ய வர்மா, வர்மா. நாலும் ஒரே கதை. நாலுல எதைப் போடலாம், நீங்களே சொல்லுங்க" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். கடைசியில் ஒரு நிபந்தனையும் இருந்தது. "எதைப் போட்டாலும் பாதிப் பேர் திட்டுவாங்க, பரவாயில்ல. யாரும் தூங்கக் கூடாது, அவ்வளவுதான்."

நாலையும் பார்த்திருக்கிறேன். நாலும் ஏதோ ஒரு விதத்தில் ஏமாற்றியவை. ஆனால் ஏமாற்றத்திலும் தரம் உண்டு. சில படங்கள் ஏமாற்றினாலும் அவற்றோடு சண்டை போட ஆசையாக இருக்கும். சில படங்கள் முடிந்ததும் சாப்பாடு என்ன என்றுதான் கேட்கத் தோன்றும். அவனுக்குத் தேவை முதல் வகை. அதனால் அவன் கேட்காத ஐந்தாவது படம் ஒன்றையும் பட்டியலில் நுழைத்தேன். 2012இல் ராபர்ட் ஜெமெக்கிஸ் எடுத்து, டென்சல் வாஷிங்டன் நடித்த 'ஃப்ளைட்'. அதில் டாக்டர் இல்லை, பைலட்தான். இருந்தாலும் அது அதே கதையின் பங்காளி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஹால் நிலவரம். ஆறு மணிக்குத் திறப்பார்கள், ஒன்பதரைக்கு வாட்ச்மேன் சாவியை ஆட்டிக்கொண்டு வந்து நிற்பார். பேச்சுக்கு அரை மணி போனால் படத்துக்கு மூன்று மணிதான். ஆண்களும் பெண்களும் சமமாக உட்காரும் கூட்டம். இன்னொன்று அவனுக்கே தோன்றவில்லை. எம்.பி.பி.எஸ். சேர 17 வயது நிரம்பினால் போதும், அதனால் முதலாண்டுப் பிள்ளைகளில் சிலருக்கு 18 ஆகியிருக்காது. அர்ஜுன் ரெட்டி, கபீர் சிங், ஆதித்ய வர்மா மூன்றும் 'ஏ' சான்றிதழ் படங்கள். ஃப்ளைட்டோ நிர்வாணக் காட்சியோடுதான் தொடங்குகிறது. எதைப் போட்டாலும் முதலாண்டுக்கு அன்று வேறு வேலை கொடுத்துவிடு என்றேன். "சீனியர்னா அவ்வளவு கூட செய்ய முடியாதா மாமா" என்று சிரித்தான்.

படங்களைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெட்டிக்கார மருத்துவ மாணவன், மகா கோபக்காரன். ஜூனியர் பெண் ஒருத்தியைப் பார்த்த கணமே 'இவள் என்னுடையவள்' என்று கல்லூரி முழுக்கச் சொல்லிவிடுகிறான். அவளும் காதலிக்கிறாள். சாதியைச் சொல்லி அவளுடைய அப்பா மறுக்கிறார். இவன் மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டு மயங்கிக் கிடக்கும் இரண்டு நாளில் அவளுக்கு வேறு கல்யாணம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு குடி, போதை, பெண்கள், காதலி பெயரில் ஒரு நாய். இதற்கு நடுவே அவன் தினமும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்க் கத்தியும் பிடிக்கிறான்.

கடைசி வரிதான் என் மருமகனுக்கு முக்கியம். காதல் தோல்வியில் தேவதாஸ் காலத்திலிருந்து நாயகர்கள் குடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் ஜமீன் வீட்டுப் பிள்ளைகள். குடித்தால் கெடுவது அவர்கள் ஈரல் மட்டும். இவன் சர்ஜன், இவன் மேசையில் மல்லாந்து கிடப்பது வேறொருவனுடைய வயிறு.

நாலுக்கும் அசலான தெலுங்கு அர்ஜுன் ரெட்டி வந்தது 2017 ஆகஸ்ட் 25இல். சந்தீப் வங்காவின் முதல் படம், விஜய் தேவரகொண்டாவை ஒரே வெள்ளிக்கிழமையில் நட்சத்திரமாக்கிய படம். வெளியாவதற்கு முன்பே முத்தக் காட்சிப் போஸ்டரை காங்கிரஸ் தலைவர் ஹனுமந்த ராவ் கிழித்தெறிய, அதுவே இலவச விளம்பரமானது. நீளம் 182 நிமிடம். மூன்று மணி நேர ஹாலில் இரண்டு நிமிடம் இடிக்கும், வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கித் தந்தால் சரியாகிவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது குடியின் உடல்மொழி. தேவரகொண்டாவின் அர்ஜுன் தள்ளாடுவதில்லை. கண் ஒரு நொடி தாமதமாகத் திரும்பும், பேச்சில் ஒரு சொல் கூடுதல் அழுத்தத்தோடு விழும், தெளிவாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் கவனம் உடம்பு முழுக்கத் தெரியும். ரொம்ப நாள் குடிப்பவர்களின் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கவனத்தைத் தெரியும். நண்பன் சிவாவாக ராகுல் ராமகிருஷ்ணா வரும் காட்சிகளில்தான் படம் மூச்சு விடுகிறது. பாட்டியாக நம்முடைய காஞ்சனா வருகிறார். வீட்டில் அவனைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

படத்தின் உச்சம், என் கணக்கில், காதல் காட்சி எதுவும் இல்லை. விடுமுறை நாளில் அவசரமாக ஒரு ஆபரேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள். போதையோடு வருகிறான், நீர்ச்சத்து வற்றி தியேட்டரிலேயே சரிந்து விழுகிறான். ரத்தத்தைச் சோதித்தால் மதுவும் கொக்கேனும். மருத்துவமனை புகார் கொடுக்கிறது. அண்ணனும் நண்பனும் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். விசாரணையில் இவன், ஆமாம் குடித்திருந்தேன், தொழில் தர்மத்தை மீறினேன் என்று ஒப்புக்கொள்கிறான். ஐந்து வருடத்துக்கு லைசென்ஸ் ரத்து.

அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்தேன். இனிமேல்தான் படம் என்று நினைத்தேன். கத்தியைப் பறிகொடுத்த சர்ஜன் காலையில் எழுந்து என்ன செய்வான்? யார் முகத்தைப் பார்ப்பான்? அந்த வயிற்றுக்காரன் என்ன ஆனான்?

ஒன்றுமில்லை. மறுநாள் காலை பாட்டி இறந்த செய்தி வருகிறது, அப்பாவோடு சமாதானம் ஆகிறான், குடியை விட்டுவிடுகிறான். பூங்காவில் நிறைமாதக் கர்ப்பிணியாக அவளைப் பார்க்கிறான். அவள் கணவனை விட்டுச் சில நாளிலேயே வந்துவிட்டாளாம், குழந்தை இவனுடையதாம். கல்யாணம், சுபம். ஐந்து வருடத் தடை ஒரு வசனமாக வந்து காற்றில் கரைந்துவிடுகிறது. ஒப்புக்கொண்டது அவனுக்குத் தண்டனையாக அமையவில்லை. இவ்வளவு குடித்தும் பொய் சொல்லாத உத்தமன் என்று அவன் சட்டையில் குத்தப்பட்ட பதக்கமாகிவிட்டது.

குடியை விடும் அந்த ஒரு நாள் விவகாரத்தை மருத்துவ மாணவர்கள் முன்னால் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வார்டே சிரிக்கும் மாமா" என்றான். மாதக்கணக்கில் விடாமல் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். கவனிக்காவிட்டால் உயிரும் போகும். பண்டிகை முடிந்த வாரங்களில் இவனுடைய டியூட்டியில் பாதி அதுதானாம். தயமின் ஊசி, நடுக்கத்துக்கு லோராசிபம், கட்டிலிலிருந்து விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு உறவினர்.

எனக்கு அது வார்டில் தெரிந்ததில்லை. எங்கள் பெரியப்பா ஒரு தை மாதம், பொங்கலுக்கு மறுநாள், இனி தொடமாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார். வீடே பாயசம் வைத்துக் கொண்டாடியது. மூன்றாவது ராத்திரி சுவரில் எறும்பு ஊறுகிறது என்று துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். விடிய விடிய. எறும்பே இல்லாத சுவர். பெரியம்மா விளக்கைப் போட்டுக் காட்டினார், அப்படியும் துடைத்தார். காலையில் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். பிழைத்தார். குடியை நிறுத்த அதற்குப் பிறகும் ஏழு வருடம் ஆனது. சத்தியம் செய்த கணத்தில் படத்தை முடித்திருந்தால் அவரும் ஒரு நாயகன்தான்.

அதனால் என் முதல் அளவுகோல் இது: விசாரணை அறையை விட்டு வெளியே வந்த பிறகு படம் என்ன செய்கிறது? மற்றதையெல்லாம் இதற்குப் பின்னால்தான் வைத்தேன்.

கபீர் சிங்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2019 ஜூன் 21, அதே சந்தீப் வங்கா, ஷாகித் கபூர், கியாரா அத்வானி. ஊர் டெல்லி, பாஷை இந்தி, காட்சிகள் அப்படியே. அந்த ஆண்டு இந்தியில் பெரும் வசூல் செய்த படங்களில் ஒன்று. ஒளிப்பதிவாளர் சந்தான கிருஷ்ணன் நம்ம ஆள். பாட்டுகள் அர்ஜுன் ரெட்டியை விடப் பிரபலம். ஆனால் பட்ஜெட் கூடியதும் அழுக்கு போய்விட்டது. ஷாகித்தின் தாடியில்கூட ஒரு ஒழுங்கு. கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்ட வேலைக்காரப் பெண்ணை நாயகன் தெருவில் துரத்தும் காட்சி இரண்டு படத்திலும் உண்டு, இரண்டிலும் சிரிப்பதற்காகவே எடுத்தது. தெலுங்கில் அது ஒரு முரடனின் முரட்டுத்தனமாகத் தெரிந்தது. இந்தியில் தியேட்டர் கைதட்டியது. வெளியானபின் ஒரு பேட்டியில் இயக்குநர், ஆழமாகக் காதலிக்கும் இருவருக்குள் அறைந்துகொள்ளும் சுதந்திரம் இல்லையென்றால் அங்கே உணர்ச்சி எதுவும் தெரியவில்லை என்ற பொருளில் பேசினார். அதைக் கேட்டபின் படத்தை மறுபடி பார்ப்பது கஷ்டம்.

ஹாலில் இதைப் போட்டால் அரை மணி நேரமும் கன்னத்தில் அறைவதைப் பற்றித்தான் பேச்சு ஓடும். அது பேச வேண்டிய விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் இவன் வைத்திருக்கும் தலைப்பு ஜன்னல் வழியாகப் போய்விடும்.

இதே ஷாகித் 2016இல் 'உட்தா பஞ்சாப்' படத்தில் போதையில் மிதக்கும் பாடகனாக நடித்தார். தணிக்கைக்காரர்கள் 89 இடத்தில் கத்திரி போடச் சொல்ல, பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரே ஒரு வெட்டோடு விட்ட படம். அதில் அவன் லாக்கப்பில் மாட்டும்போது, அவனுடைய போதைப் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடும் இரண்டு பையன்களைச் சந்திப்பான். போதைக்குக் காசு தராத அம்மாவைக் கொன்றுவிட்டு உள்ளே வந்தவர்கள். நாயகனின் முகத்துக்கு நேரே அவனுடைய விளைச்சலைக் கொண்டுவந்து வைத்த காட்சி அது. கபீர் சிங்குக்கு அப்படி ஒரு லாக்கப் இல்லை. டாக்டர் கதையும் இல்லை, ஃப்ளைட் போல அதன் பங்காளியும் இல்லை என்பதால் பட்டியலில் சேர்க்கவில்லை. இல்லாவிட்டால் சேர்த்திருப்பேன்.

இப்போது நம்ம வீட்டுக் கதை. இதில் படங்களை விடப் படங்களின் கதை சுவாரசியம்.

தமிழ் உரிமையை வாங்கிய ஈ4 என்டர்டெயின்மென்ட், விக்ரமின் மகன் துருவை நாயகனாக வைத்து, இயக்கத்தை பாலாவிடம் கொடுத்தது. கேட்கவே கச்சிதமான ஏற்பாடு. 1999இல் 'சேது'வில் விக்ரமுக்கு மறுபிறவி கொடுத்த பாலாவே இப்போது மகனையும் அறிமுகம் செய்கிறார். வசனம் ராஜுமுருகன். எடுத்து முடித்தார்கள், டிரெய்லரும் வந்தது. 2019 பிப்ரவரியில் தயாரிப்பு நிறுவனம் ஒரு அறிக்கை விட்டது: படம் திருப்தியாக இல்லை, துருவை மட்டும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி எடுக்கிறோம். முடிந்த படம் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே நாயகனோடு மறுபடி எடுத்தது தமிழில் நான் கேள்விப்பட்டதேயில்லை. விலகியது தன் சொந்த முடிவு என்றும், துருவின் எதிர்காலம் கருதி மேற்கொண்டு பேசவில்லை என்றும் பாலா பதில் அறிக்கை விட்டார்.

அர்ஜுன் ரெட்டியில் சந்தீப் வங்காவிடம் வேலை செய்த கிரிசாயா வந்தார். நாயகி பனிதா சாந்து, ஒளிப்பதிவு ரவி கே. சந்திரன், பாட்டியாக லீலா சாம்சன். 2019 நவம்பர் 22இல் 'ஆதித்ய வர்மா' வெளிவந்தது. பாலாவின் 'வர்மா' அடுத்த வருடம் அக்டோபரில், கொரோனா நடுவே, வெளிநாட்டுத் தமிழர்களுக்கான ஓர் ஓடிடி தளத்தில் சத்தமில்லாமல் இறங்கியது.

ஆக ஒரே பையன், ஒரே கதை, ஒரே பாஷை, ஒரே இசையமைப்பாளர் ரதன், இரண்டு இயக்குநர்கள். சினிமா படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

ஆதித்ய வர்மா ஜெராக்ஸ் காப்பி. நல்ல மெஷினில் எடுத்த ஜெராக்ஸ். ஒவ்வொரு காட்சியும் அதே இடத்தில், அதே கோணத்தில். படம் பார்க்க அழகு. துருவ் அப்பாவின் குரலைக் கொஞ்சம் வைத்திருக்கிறார், கோபம் வந்தால் அது பளிச்சென்று தெரியும். முதல் படத்துக்கு இது பெரிய உழைப்பு. ஆனால் தேவரகொண்டா குடித்தவர் போல இருந்தார், துருவ் தேவரகொண்டா போலக் குடித்தார். பனிதாவுக்குத் தமிழ் தெரியாதது உதட்டில் தெரிகிறது. அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே பேச அதிகம் எழுதவில்லை, எழுதியதும் ஒட்டாமல் போனால் யாரைக் காதலிக்கிறான் என்றே புரியாமல் போய்விடுகிறது. விசாரணைக் காட்சியும் உண்டு, அதன் பிறகான வெற்றிடமும் அப்படியே உண்டு. ஜெராக்ஸ் மெஷின் கறையையும் சேர்த்துத்தானே எடுக்கும்.

வர்மாவைப் பற்றி எனக்கு ஒரு ரகசிய ஆசை இருந்தது. ஊரே மோசம் என்று சொன்ன படம், ஒருவேளை பாலா மட்டும் இந்த நாயகனை மன்னிக்காமல் விட்டிருப்பாரோ, அதனால்தான் தூக்கிப் போட்டார்களோ என்று. சேதுவுக்கும் 'பிதாமக'னுக்கும் பாலா காட்டிய கொடூரத்தில் ஒரு நேர்மை இருந்தது. அங்கே யாரும் சும்மா தப்பிக்க மாட்டார்கள். அந்த ஆசையோடு உட்கார்ந்தேன். படம் நாலில் நீளம் குறைந்தது, ஓட்டமாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் காதல் வளரவே நேரமில்லை. காதல் வளராத இடத்தில் குடி எதற்கு என்று தெரியவில்லை. பாலாவின் முத்திரை வன்முறையிலும் இரட்டை அர்த்த நகைச்சுவையிலும் மட்டும் இருக்கிறது, அது இருக்க வேண்டிய இடத்தில் காணோம். மன்னிக்காத படம் என்று நான் கற்பனை செய்தது வேறு ஏதோ படம். அதை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

"அப்ப வர்மாவ விட்டுடலாமா?" என்றான். ஹாலுக்கு விட்டுவிடு, ஆனால் ஒரு மத்தியானம் ஆதித்ய வர்மாவின் ஒரு காட்சியையும் வர்மாவில் அதே இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார் என்றேன். ஒரு நடிகன் இயக்குநருக்கு இயக்குநர் எப்படி வேறு ஆளாகிறான் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி அந்த பைலட்.

ஃப்ளைட்டில் விப் விட்டகர் காலையில் ஹோட்டல் அறையில் எழுகிறான். பக்கத்தில் விமானப் பணிப்பெண் கேத்தரீனா. மிச்சச் சரக்கு, ஒரு கோடு கொக்கேன், யூனிஃபார்ம், கூலிங் கிளாஸ். நேரே விமானம். பயணிகளிடம் மைக்கில் அன்பாகப் பேசிக்கொண்டே இன்னொரு கையால் ஆரஞ்சு ஜூஸில் ஓட்காவைக் கலக்கிறான். பிறகு காக்பிட்டில் தூங்குகிறான். விமானம் திடீரென்று தலைகுப்புற விழத் தொடங்குகிறது. விழித்தவன் அதை ஆகாயத்திலேயே கவிழ்த்துத் தலைகீழாகப் பறக்கவிட்டு, மறுபடி நிமிர்த்தி, ஒரு வயல்வெளியில் இறக்குகிறான். 102 பேரில் 96 பேர் பிழைக்கிறார்கள். (தலைகீழாகப் பறந்தது முழுக் கற்பனை இல்லை. 2000 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விமானத்தின் வால்பகுதித் திருகு தேய்ந்து உடைந்தபோது அதன் பைலட்டுகள் கடைசி நிமிடங்களில் கவிழ்ந்த நிலையிலேயே பறக்க முயன்றார்கள். அதில் 88 பேரும் இறந்தார்கள்.)

அந்த இருபது சொச்சம் நிமிடம் ஹாலில் யாரும் தூங்க மாட்டார்கள், உத்தரவாதம். பிறகு படம் மெதுவாகிறது, அங்கேதான் நிறைய பேருக்கு ஏமாற்றம். விமானப் படம் என்று வந்தவர்களுக்கு ஒரு குடிகாரனின் அன்றாடத்தைப் பரிமாறுகிறார்கள். அப்பாவின் பழைய பண்ணை வீட்டில் இருக்கும் எல்லாப் பாட்டிலையும் கவிழ்த்துக் கொட்டுகிறான். பிறகு மறுபடி வாங்குகிறான். போதையிலிருந்து மீளப் பார்க்கும் நிக்கோல் அவனை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு அழைத்துப் போகிறாள். இங்கே குடிநோயாளிகள் யார், கை தூக்குங்கள் என்று கேட்கும்போது இவன் எழுந்து வெளியே போய்விடுகிறான். பெரியப்பாவின் ஏழு வருடத்தை இரண்டு மணி நேரத்தில் மடித்து வைத்தது போல இருந்தது எனக்கு.

விசாரணைக்கு முந்தின ராத்திரி அவனைச் சரக்கில்லாத ஹோட்டல் அறையில் அடைத்து, வெளியே காவலும் போடுகிறார்கள். பக்கத்து அறைக்கான இடைக்கதவு பூட்டாமல் கிடக்கிறது. உள்ளே மினி ஃப்ரிட்ஜ், வரிசை வரிசையாகக் குட்டி பாட்டில்கள். ஒன்றை எடுக்கிறான், பார்க்கிறான், ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டு நகர்கிறான். கேமரா பாட்டிலிலேயே நிற்கிறது. சட்டென்று ஒரு கை வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. வசனமே இல்லை. அர்ஜுனும் கபீரும் ஆதித்யனும் சேர்ந்து காலி செய்த பாட்டில்கள் எல்லாம் சேர்த்தும் அந்த ஒரு குட்டி பாட்டிலுக்குச் சமமில்லை.

விசாரணையில் எல்லாம் இவனுக்குச் சாதகம். விமானத்தில்தான் கோளாறு என்று நிரூபணமாகிவிட்டது. ரத்தப் பரிசோதனை அறிக்கையை வக்கீல் செல்லாமல் ஆக்கிவிட்டார். குப்பையில் கிடைத்த இரண்டு ஓட்கா பாட்டில்கள்தான் மிச்சம். அன்றைக்குப் பயணிகளுக்கு மது பரிமாறவில்லை, குடித்தது ஊழியர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். இறந்துபோன கேத்தரீனாவின் ரத்தத்தில் மது இருந்தது. அவள்தான் குடித்தாள் என்று கருதுகிறீர்களா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றால் வீட்டுக்குப் போய்விடலாம். அவளோ விமானம் கவிழும்போது ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய்ச் செத்தவள். இவனால் சொல்ல முடியவில்லை. நான்தான் குடித்தேன், இப்போதும் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்கிறான்.

பங்காளி என்று நான் சொன்னது இதைத்தான். தொழிலில் அசகாய சூரன், போதையோடு வேலைக்குப் போகிறான், ரத்தம் காட்டிக்கொடுக்கிறது, வேண்டியவர்கள் மூடி மறைக்கப் பார்க்கிறார்கள், விசாரணையில் உண்மையை ஒப்புக்கொள்கிறான். எலும்பு அதேதான். அர்ஜுனுக்கு ஒப்புதல் வழியில் வந்த ஒரு ஸ்டேஷன். விப்புக்கு அதுவே கடைசி ஸ்டேஷன், அங்கிருந்து சிறைக்குத்தான் வண்டி.

சரி, ஃப்ளைட் ஒழுக்கமான படம் என்று தலையில் வைத்துக் கூத்தாட வேண்டியதில்லை. அதுவும் ஏமாற்றுகிறது, இன்னும் சாமர்த்தியமாக. இந்த ஐந்து படத்தையும் வரிசையாக யோசித்தபோதுதான் எனக்கே உறைத்தது. குடியால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. சர்ஜன் சரிந்து விழுகிறான், நோயாளி சாவதில்லை. விமானம் விழுகிறது, காரணம் இரும்பு, ஓட்கா கிடையாது. சொல்லப்போனால் சிமுலேட்டரில் பத்து பைலட்டுகளை வைத்துப் பார்த்தோம், பத்துப் பேரும் எல்லோரையும் கொன்றார்கள் என்று வக்கீல் வேறு பெருமையாகச் சொல்கிறார். குடித்திருந்த இவன்தான் காப்பாற்றினான்! திரைக்கதை எழுதுபவர்கள் நாயகன் கையில் எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் கொடுக்கிறார்கள், ஒரு சொட்டு ரத்தம் மட்டும் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். திறமைசாலி என்ற முன்ஜாமீனும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். சுமாரான சர்ஜன் ஒருவன் குடித்துவிட்டு வந்தால் யாராவது மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்ப்போமா?

கடைசிப் பத்து நிமிடம் இன்னும் மோசம். சிறையில் உபதேசம் போல ஒரு பேச்சு, பிரிந்த மகன் தேடி வருவது, அப்பா நீங்கள் யார் என்று கேட்பது. எல்லா முடிச்சையும் ரிப்பன் வைத்துக் கட்டுகிறார்கள். டென்சல் வாஷிங்டனுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது நியாயம், அதோடு திரைக்கதைக்கும் கிடைத்தது. அந்தப் பத்து நிமிடத்தை அந்தக் குழு பார்த்ததா என்று எனக்குச் சந்தேகம்.

இவ்வளவுக்குப் பிறகு என் முடிவைக் கேட்டான். ஹாலுக்கு ஃப்ளைட். 138 நிமிடம்தான், பேசுவதற்கு அரை மணிக்குப் பதில் ஒரு மணி நேரம் கிடைக்கும். டாக்டர் படம் இல்லாததே வசதி. நம்ம தொழிலைத் தப்பாகக் காட்டிவிட்டான், ஓ.டி. டேபிளில் அப்படி நிற்க மாட்டோம் என்று யாரும் சில்லறைச் சண்டை போட முடியாது. பைலட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்து அவர்களாகவே சர்ஜனிடம் வந்து சேருவார்கள். இங்கிலீஷ் சப்டைட்டில் அவசியம், அமெரிக்கர்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

நீ தனியாக ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்ப்பதற்கென்றால் அர்ஜுன் ரெட்டி. அசலைப் பார்த்துவிட்டுத்தான் அதைத் திட்ட வேண்டும். கண்டிப்பாகத் தமிழ்தான் வேண்டும் என்று கல்லூரியில் சொன்னால் ஆதித்ய வர்மா, வேறு வழியில்லை. கபீர் சிங் பாட்டுகளை பஸ்ஸில் கேட்டுக்கொள்.

"ஃப்ளைட்ல அந்தக் கடைசிப் பத்து நிமிஷம்?" என்று கேட்டான்.

விசாரணை அறையிலேயே நிறுத்திவிட்டு லைட்டைப் போடு, அதன் பிறகு என்ன ஆகியிருக்கும் என்று அவர்களையே கேள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அது டைரக்டருக்குத் துரோகம் இல்லையா மாமா?" என்றான். நான் யோசிப்பதற்குள் யாரோ அவனை வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ராத்திரி பத்தரைக்கு மெசேஜ் வந்தது: "ஏழாம் நம்பர் பெட், மூணாவது நாள். பூச்சி பிடிச்சுக்கிட்டு இருக்கார். ஹால் புக் பண்ணியாச்சு, ஃப்ளைட். முழுசா ஓட்டறேன்."